சப்ரஸர் பொருத்தியபின் ரைஃபிள் முரண்டு பிடிப்பது ஏன்: வாயுவைக் குறைப்பதா, பஃபரை மாற்றுவதா?

கேட்கப்பட்ட கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 16 அங்குலக் குழலும் கார்பைன் அளவு வாயு அமைப்பும் கொண்ட, 5.56 மி.மீ. தோட்டாவைச் சுடும் ஏ.ஆர்-15 வகை ரைஃபிள் ஒன்று பல ஆண்டுகளாகக் குறையின்றி இயங்கி வந்திருக்கிறது. முறைப்படி அனுமதி பெற்று வாங்கிய, வெடியோசையை அடக்கும் கருவியான சப்ரஸரைக் குழல் முனையில் திருகிய நாளிலிருந்து மூன்று தொல்லைகள் தொடங்கியிருக்கின்றன. சுடும்போது கண்ணிலும் மூக்கிலும் புகை அடிக்கிறது. வெற்றுக் கூடுகள் முன்பக்கமாகச் சீறிப் பறக்கின்றன. மேகசினில் தோட்டா மீதமிருக்கும்போதே சில வேளைகளில் போல்ட் (தோட்டா அமரும் அறையைப் பின்னாலிருந்து மூடும் பாகம்) அதைப் பற்றாமல் வெற்று அறையின்மீது மூடிக்கொள்கிறது. போல்ட்டின் பின்னோட்டத்தைத் தாங்கும் எடையான பஃபரை எடுத்துவிட்டுக் கனமான ஒன்றை இட்டுப் பார்த்ததில் சப்ரஸரோடு நிலைமை ஓரளவு தேறியது. ஆனால் சப்ரஸரைக் கழற்றி, வீரியம் குறைந்த பயிற்சித் தோட்டாக்களைச் சுட்டபோது, கடைசித் தோட்டாவுக்குப் பிறகு போல்ட் பின்னால் நிற்கவில்லை. எதை முதலில் மாற்றியிருக்க வேண்டும் என்பதே கேள்வி.

முதலில் வாயு, அடுத்து நகரும் பாகங்களின் எடை, கடைசியாக அவற்றை முன்னே தள்ளும் ஸ்பிரிங் என்பது என் பதில். இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடிப்பதால்தான் பெரும்பாலான தொல்லைகள் வளர்கின்றன. காரணம் புரிய வேண்டுமானால், சப்ரஸர் துப்பாக்கிக்குள் உண்மையில் எதை மாற்றுகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

சப்ரஸர் பொருத்தினால் தோட்டாவின் அழுத்தமே கூடிவிடுகிறது என்று பலர் நம்புகிறார்கள், அது சரியன்று. அறையில் உச்ச அழுத்தம் ஏற்படுவது குண்டு குழலுக்குள் முதல் சில அங்குலங்களைக் கடக்கும்போது. அந்த நேரத்தில் குழல் முனைக்கு அப்பால் என்ன திருகப்பட்டிருக்கிறது என்பது அந்த வாயுவுக்குத் தெரியாது. சப்ரஸர் மாற்றுவது அழுத்தத்தின் உச்சத்தையல்ல, அழுத்தம் இறங்க எடுத்துக்கொள்ளும் காலத்தை. சப்ரஸர் இல்லாத துப்பாக்கியில் குண்டு குழல் முனையை விட்டு வெளியேறியதும் அதன் பின்னாலுள்ள வாயு தடையின்றிக் காற்றில் கலக்கிறது. குழலுக்குள் அழுத்தம் சட்டென்று சரிகிறது. சப்ரஸர் இருந்தால் அதே வாயு அதன் உள்ளறைகளில் தங்கித் தங்கி மெதுவாக வெளியேறுகிறது. அவ்வளவு நேரமும் குழலில் அழுத்தம் நீடிக்கிறது. அழுத்தம் நீடிக்கும் வரை குழலின் பக்கவாட்டில் உள்ள வாயுத் துளை வழியாக வாயு பின்னோக்கிச் சென்று, போல்ட்டைச் சுமந்து நகரும் கேரியரைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது.

அந்தக் காலம் எவ்வளவு நுண்மையானது என்பதை ஒரு கணக்கால் உணரலாம். கார்பைன் அளவு அமைப்பில் வாயுத் துளை, துப்பாக்கியின் உடற்பகுதியான ரிசீவரின் முகப்பிலிருந்து ஏறத்தாழ 7 அங்குலத்தில் இருக்கிறது. 16 அங்குலக் குழலில் துளையிலிருந்து முனை வரை எஞ்சியிருப்பது 9 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. நொடிக்கு சுமார் 800 மீட்டர் வேகத்தில் செல்லும் குண்டு அந்தத் தூரத்தைக் கடக்க ஆகும் நேரம் ஒரு மில்லி விநாடியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. போல்ட் கேரியரைப் பின்னுக்குத் தள்ளும் உந்தம் முழுவதும் இந்தச் சிறு இடைவெளியிலும் அதை அடுத்து அழுத்தம் சரியும் வேளையிலுமே கிடைக்கிறது. சரிவு சிறிது தாமதமானாலும் கேரியர் பெறும் உந்தம் விகிதத்தில் வெகுவாகக் கூடிவிடும். கார்பைன் அளவு அமைப்பில் இது இன்னும் கூர்மையாகத் தெரிவதற்குக் காரணம், அதன் துளை அறைக்கு அருகில் இருப்பதுதான். 20 அங்குலக் குழலுக்காக வடிவமைக்கப்பட்ட முழுநீள அமைப்பில் துளை ஏறத்தாழ 12 அங்குலத்தில் இருக்கிறது. அங்கே வாயு வந்து சேரும்போது அதன் அழுத்தம் பெருமளவு தணிந்திருக்கும். 9 அங்குல நடுத்தர அமைப்பு பிற்காலத்தில் பரவியதும் இந்தக் கடுமையைத் தணிக்கத்தான். புதிதாகத் துப்பாக்கி வாங்கி சப்ரஸரோடு பயன்படுத்த எண்ணுபவர் என்னைக் கேட்டால், குழலின் நீளம் இடம் கொடுக்கும் வரை வாயு அமைப்பு நீளமானதையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன்.

கேள்வியிலுள்ள மூன்று தொல்லைகளும் இந்த ஒரே காரணத்தின் கிளைகள். கேரியர் வேண்டியதைவிட வேகமாகப் பின்னால் ஓடுகிறது. ஆகவே பஃபர் குழாயின் அடியில் பலமாக மோதி, அதே வேகத்தில் முன்னே திரும்புகிறது. மேகசினின் ஸ்பிரிங் தோட்டா அடுக்கை மேலே ஏற்றி முடிப்பதற்குள் போல்ட் அந்த இடத்தைக் கடந்துவிட்டால், அறை வெற்றாகவே மூடும். அது மேகசினின் குறை என்று எண்ணி ஒன்றன்பின் ஒன்றாக மேகசின்களை மாற்றிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மறுபுறம், கேரியர் விரைவாக நகர்ந்தால் போல்ட் முன்கூட்டியே பூட்டு திறக்கிறது. அந்த வேளையில் அறையில் எஞ்சிய அழுத்தத்தால் பித்தளைக் கூடு இன்னும் சுவரை இறுகப் பற்றியிருக்கும். கூட்டை வெளியே இழுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டர் அதை வலுக்கட்டாயமாக இழுக்கும்போது கூட்டின் விளிம்பு வளைகிறது, சில வேளை கிழிகிறது. போல்ட்டின் பூட்டுப் பற்களும், அதைச் சுழற்றும் முளையான கேம் பின்னின் துளையைச் சுற்றிய பகுதியும் தாங்க வேண்டிய சுமையைவிட அதிகமாகச் சுமக்கின்றன. ஏ.ஆர் வகை போல்ட்களில் விரிசல் விடும் இடங்கள் அவைதாம் என்பதை நினைவில் வைத்தால், இது வெறும் புகைத் தொல்லை மட்டுமல்ல என்பது விளங்கும்.

வாயுவின் அளவு சிறிது மாறினாலும் இந்த அமைப்பு எப்படித் தடுமாறும் என்பதற்கு ஏ.ஆர்-15இன் ராணுவ வடிவமான எம்16 ரைஃபிளின் தொடக்க வரலாற்றைவிடத் தெளிவான சான்று இல்லை. யூஜின் ஸ்டோனர் தன் வடிவத்தை ஒருவகை வெடிமருந்தை வைத்து உருவாக்கினார். பின்னர் அமெரிக்க ராணுவம் அந்த ஐ.எம்.ஆர் வகை மருந்துக்குப் பதிலாக டபிள்யூ.சி. 846 என்னும் உருண்டை மருந்தை ஏற்றுக்கொண்டது. குண்டின் வேகம் ஒத்திருந்தது. ஆனால் வாயுத் துளையை அடையும் அழுத்தம் உயர்ந்தது. தானியங்கி முறையில் சுடும் வீதம் நிமிடத்துக்கு 1000 வரை ஏறியது; கோளாறுகள் பெருகின. வியட்நாம் போர்க்களத்தில் அதன் விளைவுகளை வீரர்கள் அனுபவித்தார்கள். 1967இல் ரிச்சர்டு இகார்டு தலைமையிலான நாடாளுமன்றத் துணைக்குழு அதை விசாரித்து அறிக்கை தந்தது. எடுத்த தீர்வுகளில் ஒன்று, உள்ளே சறுக்கும் எடைகளைக் கொண்ட புதிய, கனமான பஃபர். இன்று நாம் கையில் எடுக்கும் பஃபர்களின் மூதாதை அதுவே. அங்கே மருந்து செய்ததை இங்கே சப்ரஸர் செய்கிறது. அன்று லட்சக்கணக்கான துப்பாக்கிகளின் குழலை மாற்ற இயலாததால் பஃபரில் கை வைத்தார்கள். ஒரே துப்பாக்கியை வைத்திருக்கும் நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மிகையாக வரும் வாயுவை வாசலிலேயே நிறுத்தலாம்.

அதற்கான கருவி, குழலின் வாயுத் துளைமேல் அமரும், திருகி அளவு மாற்றக்கூடிய கேஸ் பிளாக். இதில் இரண்டு வகைகள் உண்டு. முதல் வகை, திருகை உள்ளே செலுத்தி வாயு செல்லும் வழியையே குறுக்குகிறது. இரண்டாவது வகை, மிகை வாயுவை வெளியே கசியவிடுகிறது, எஃப்.என் நிறுவனத்தின் எஃப்.ஏ.எல் ரைஃபிள் பல பத்தாண்டுகளுக்கு முன்பே இந்தக் கசியவிடும் முறையைக் கொண்டிருந்தது. சப்ரஸரோடு நிரந்தரமாக வைத்திருக்கும் துப்பாக்கிக்குக் குறுக்கும் வகையை நான் விரும்புகிறேன். வெளியே கசியும் வாயு சத்தமும் புகையும் தருவதால், ஒலியை அடக்க வாங்கிய கருவியின் பயனில் ஒரு பகுதி அங்கேயே போய்விடுகிறது. எந்த வகையானாலும் படிப்படியாகச் சொடுக்கி நிற்கும் திருகு இருப்பது நல்லது. உராய்வால் மட்டும் நிற்கும் திருகு அதிர்வில் நகரும். கரி படிந்தால் அசைய மறுக்கும். ஒவ்வொரு முறை துப்புரவு செய்யும்போதும் திருகை இருபுறமும் ஒரு முறை அசைத்து, பழைய நிலைக்கே கொண்டுவந்து விடுவது அதைப் பல ஆண்டுகள் உயிரோடு வைத்திருக்கும்.

குழலிலுள்ள துளையைத் துரப்பணத்தால் பெரிதாக்குவது மட்டும் வேண்டவே வேண்டாம். துளையின் பரப்பு விட்டத்தின் இருமடிக்கேற்ப மாறும்: 2 மி.மீ. துளைக்கும் 1.8 மி.மீ. துளைக்கும் பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வித்தியாசம். கை சற்று நழுவினால் எவ்வளவு போகும் என்பதை இந்த எண்ணிலிருந்தே கணிக்கலாம். ஒருமுறை பெரிதாக்கிய துளையைத் திரும்பச் சிறிதாக்க வழியில்லை.

இனி அளவு வைக்கும் முறை. இது எஃப்.ஏ.எல் துப்பாக்கிகளுக்கு நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வரும் முறையின் வழிவந்ததே. பாதுகாப்பான சுடுதளத்தில், சப்ரஸரைப் பொருத்தி, மேகசினில் ஒரே ஒரு தோட்டாவை இட்டுச் சுட வேண்டும். வாயுவை மிகக் குறைவாக வைத்துத் தொடங்கினால், கூடு வெளியேறினாலும் வெளியேறாவிட்டாலும் போல்ட் பின்னால் நிற்காது. அங்கிருந்து ஒரு சொடுக்கு திறந்து, மீண்டும் ஒரு தோட்டா. இப்படியே போல்ட் வெற்று மேகசினின்மீது பின்னால் நிற்கத் தொடங்கும் இடம் வரை செல்ல வேண்டும். அந்த இடம் ஒருமுறை நின்றதால் உறுதியாகிவிடாது. ஐந்து முறையாவது தொடர்ந்து நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அதன்பின் இன்னும் ஓரிரு சொடுக்குகள் திறந்து விட வேண்டும். சோதனைக்கு உங்களிடமுள்ளவற்றில் வீரியம் குறைந்த தோட்டாவைப் பயன்படுத்துங்கள். வலுவான தோட்டாவில் வைத்த அளவு மென்மையான தோட்டாவில் காலை வாரிவிடும். ஒவ்வொரு மாற்றத்துக்கு முன்பும் மேகசினை எடுத்து, அறை வெற்று என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்வதும், கேஸ் பிளாக்கும் சப்ரஸரும் கையைச் சுட்டுவிடும் அளவுக்குச் சூடாகியிருக்கும் என்பதை மறவாமல் ஆறவிடுவதும் கட்டாயம்.

கூடுதலாகத் திறக்கும் அந்த ஓரிரு சொடுக்குகள் ஏன் என்று கேட்பவர்களுக்கு என் சொந்த அனுபவத்தைச் சொல்கிறேன். ஒருமுறை என் துப்பாக்கியை வெயில் நேரத்தில், புதிதாக எண்ணெய் இட்ட நிலையில், மிக மென்மையாக இயங்கும் விளிம்புவரை அளவு வைத்தேன். பின்வாங்கல் அவ்வளவு இதமாக இருந்ததில் மிகவும் மகிழ்ந்தேன். குளிர்காலக் காலையொன்றில், இருநூறு தோட்டாக்களின் கரி படிந்த அதே துப்பாக்கி ஐந்தாவது தோட்டாவிலேயே கூட்டைப் பாதி வழியில் கடித்து நின்றது. குளிரில் வெடிமருந்தின் அழுத்தம் குறையும், எண்ணெய் தடிக்கும், கரி உராய்வைக் கூட்டும். மூன்றும் ஒரே திசையில் இழுப்பவை. விளிம்பில் அளவு வைத்தவனுக்கு இவற்றில் ஒன்று போதும்.

வாயுவுக்கு அடுத்தபடியாக எடை. பஃபர் எடையால் கேரியரின் வேகம் குறைவது எவ்வாறு என்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. வாயு தரும் உந்தம் ஏறத்தாழ மாறாதது என்று கொண்டால், நகரும் எடை கூடக்கூட வேகம் அதே விகிதத்தில் குறையும். இயக்க ஆற்றலும் அதே விகிதத்தில் குறையும். வழக்கமான கேரியர் தொகுதி 325 கிராம் அளவிலும், சாதாரணக் கார்பைன் பஃபர் 85 கிராம் அளவிலும் இருக்கின்றன, மொத்தம் 410. எச்2 என்று குறிக்கப்படும் பஃபர் சுமார் 130 கிராம். அதை இட்டால் மொத்தம் 455ஐ எட்டும். வேகம் பத்தில் ஒரு பங்கு குறையும். அதைவிடக் கனமான எச்3 போட்டால் இன்னும் சிறிது. இதிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. பஃபர் மாற்றம் பயனுள்ளது. ஆனால் அதன் வீச்சு சிறியது. சப்ரஸர் கூட்டும் உந்தத்தை முழுவதும் பஃபரால் ஈடுகட்ட முயன்றால் அதிகபட்ச எடைக்குப் போக வேண்டியிருக்கும்; சப்ரஸரைக் கழற்றிய நாளில் அதே எடை எதிரியாகிவிடும். கேட்டவருக்கு நேர்ந்தது இதுவேதான்.

எடைக்கு ஒரு தனிச் சிறப்பும் உண்டு. பூட்டுத் திறக்கும் நொடியைத் தாமதப்படுத்துவதில் எடைக்குப் பங்கு அதிகம். ஸ்பிரிங்குக்கு மிகக் குறைவு. கேரியர் நகரத் தொடங்கும்போது அதைத் தள்ளும் வாயுவின் விசைக்கு முன்னால் ஸ்பிரிங்கின் முன்னழுத்தம் ஒரு பொருட்டன்று. எடையின் நிலைமம் மட்டுமே அங்கே தடை. ஸ்பிரிங் தன் வலிமையைக் காட்டுவது ஓட்டத்தின் பிற்பகுதியில், அது இறுகிய பிறகு. திரும்பும்போதோ அது கேரியரை இன்னும் விரைவாக முன்னே எறிகிறது. மேகசினால் தோட்டாவை ஏற்றித் தர முடியாமல் திணறும் துப்பாக்கிக்கு வலுவான ஸ்பிரிங்கைப் போடுவது, நோயின் ஒரு கூறுக்கு உணவூட்டுவதாகும். ஆகவே ஸ்பிரிங் தேய்ந்து குறுகியிருந்தால் புதியதை இடுங்கள். அதற்கு மேல் கடைசியில்தான் அதைத் தொட வேண்டும். பஃபருக்குள் இருக்கும் சறுக்கும் எடைகள், போல்ட் முன்னே மூடும்போது அது மீண்டும் துள்ளாமல் தடுக்கவும் உதவுகின்றன. அதனால்தான் ஒரே திண்ணிய உலோகத்தாலான பஃபரை நான் பரிந்துரைப்பதில்லை.

கூடு விழும் திசையைப் பார்த்து அளவு வைக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. கடிகார முகத்தைத் தரையில் விரித்ததாக நினைத்து, துப்பாக்கி முனையை 12 என்று கொண்டால், கூடு 1, 2 மணித் திசையில் பறப்பது மிகை வாயுவின் அறிகுறி, 3 முதல் 5 வரை நல்லது என்பார்கள். இது முதல் பார்வைக்கு உதவும். ஆனால் கூட்டை வெளியே தள்ளும் எஜெக்டரின் ஸ்பிரிங்கின் வலிமையும், ரிசீவரில் கூடு மோதும் மேட்டின் வடிவமும் திசையை மாற்றிவிடும். கூட்டின் விளிம்பும் அடிப்பகுதியும் இன்னும் நேர்மையான சாட்சிகள். விளிம்பில் எக்ஸ்ட்ராக்டர் கடித்த தடமோ, அடிப்பகுதியில் பித்தளை வழிக்கப்பட்ட பளபளப்புத் தடமோ இருந்தால் போல்ட் அவசரமாகத் திறக்கிறது என்று பொருள். சப்ரஸர் இல்லாமலும் இருந்தும் சுட்ட ஐந்தைந்து கூடுகளை அருகருகே வைத்துப் பாருங்கள். எந்த விளக்கத்தையும்விட அது அதிகம் சொல்லும்.

கண்ணில் அடிக்கும் புகையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஏனெனில் இங்கே எதிர்பார்ப்பை அளவோடு வைத்திருப்பது அவசியம். கேஸ் பிளாக்கைக் குறுக்கினால் வாயுக் குழாய் வழியாக வரும் பங்கு குறையும். ஆனால் சப்ரஸரில் தேங்கிய வாயுவில் ஒரு பகுதி குழல் வழியாகவே திரும்பி, போல்ட் திறந்ததும் அறையிலிருந்து நேராக முகத்தை நோக்கி வருகிறது. கேஸ் பிளாக்குக்கு அதன்மேல் அதிகாரம் இல்லை. பூட்டுத் திறப்பைத் தாமதப்படுத்தி, அதற்குள் சப்ரஸர் காலியாகும்படி செய்வதே அதற்கான மாற்று. சரியான எடையுள்ள பஃபர் பயன்படும் இடம் இது. பின்புறக் கசிவைத் தடுக்கும் வடிவிலான சார்ஜிங் ஹேண்டிலும் (போல்ட்டைக் கையால் பின்னிழுக்கும் பிடி) முகத்துக்கு வரும் பங்கைக் குறைக்கும். வாயுவை முன்னோக்கியே வழிந்தோடவிடும் சப்ரஸர்கள் இப்போது கிடைக்கின்றன; அடிப்படைக் காரணத்தையே தொடும் தீர்வு அவைதாம். இதில் அக்கறை காட்டுவது வசதிக்காக மட்டுமன்று. அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடும், அம்மோனியாவும், ஈயத்துகளும் இருக்கின்றன. மூடிய சுடுதளத்தில் நாள் முழுவதும் பயிற்சி பெறுபவர் அவற்றை மூச்சில் எடுத்துக்கொண்டே இருக்கிறார். முன்கூட்டியே திறக்கும் போல்ட், கூடு வெளியேறும் வாசல் வழியாகச் சத்தத்தையும் காதருகே கொண்டுவருகிறது. 5.56 மி.மீ. ரைஃபிளின் வெடியோசை 160 டெசிபலைத் தாண்டுவது. நல்ல சப்ரஸர் அதை 140ஐ ஒட்டிக் கொண்டுவந்தாலும், செவிக்குக் கேடு தொடங்கும் எல்லையாகக் கொள்ளப்படுவது அதே 140தான். சப்ரஸர் இருந்தாலும் காதுக்கவசத்தையும் கண்ணாடியையும் கழற்றாதீர்கள்.

வாயு நேராகக் கேரியருக்குள் செல்லாமல் பிஸ்டன் ஒன்றைத் தள்ளும் வகைத் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு வேலை எளிது. எஃப்.என் ஸ்கார் போன்றவற்றில் சப்ரஸருக்கென்றே தனி நிலையுள்ள, வாயுவின் அளவைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் இருக்கிறது. அதைத் திருப்ப மறக்காமல் இருந்தால் போதும். ஏ.கே. வகைகளில் அத்தகைய ஏற்பாடு இல்லை. எந்தச் சூழலிலும் இயங்க வேண்டும் என்பதற்காக ஏற்கெனவே தாராளமான வாயுவோடு வடிவமைக்கப்பட்டவை அவை. அவற்றில் சப்ரஸர் பொருத்துபவர் கேரியர் ரிசீவரின் பின்புறத்தை அறையும் தடங்களைத் தொடக்கத்திலிருந்தே கவனித்து வர வேண்டும்.

இனி கேட்டவரின் துப்பாக்கிக்கு வருகிறேன். அந்த மிகக் கனமான பஃபரைக் கழற்றி, எச்2 அளவுக்கோ, அதைவிட இலேசான எச் அளவுக்கோ இறங்குங்கள். படிப்படியாகச் சொடுக்கும் கேஸ் பிளாக் ஒன்றைத் தகுதியுள்ள துப்பாக்கி வினைஞரிடம் கொடுத்துப் பொருத்துங்கள். அது குழல் துளையோடு நேராகப் பொருந்தியிருப்பது மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். அதே வேளையில் சப்ரஸரின் உள்வழி குழலோடு நேர்கோட்டில் இருக்கிறதா என்பதையும் அளவுகோல் கம்பி கொண்டு பார்த்துவிடச் சொல்லுங்கள். பிறகு மேலே சொன்னவாறு சப்ரஸரோடு ஓர் அளவும், சப்ரஸர் இல்லாமல் ஓர் அளவும் கண்டுபிடித்து, முழுவதும் மூடிய நிலையிலிருந்து எத்தனை சொடுக்கு என்று இரண்டையும் எழுதி, துப்பாக்கிப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டிவையுங்கள். சப்ரஸரைக் கழற்றும்போது இரண்டாவது எண்ணுக்குத் திருப்ப வேண்டும் என்பதை அந்தத் தாள் உங்களுக்கு நினைவூட்டும்.